பம்பரம் சாரும் ஊதிச் சுருங்கிய கண்மாயும்

இந்த உலகத்தில் பூமிக்கு அடுத்தபடியாக அதிகம் சுற்றியது யார் என்று கேட்டால், நான் யோசிக்காமல் பம்பரம் சார் என்பேன். ஊர் சுற்றியவர் என்று நினைத்துவிடாதீர்கள். அருப்புக்கோட்டையைத் தாண்டினால் திருச்சுழி, திருச்சுழியைத் தாண்டினால் நரிக்குடி. அதற்கு மேல் அவருக்கு உலகம் கிடையாது. அவர் சுற்றியதெல்லாம் பொருட்களை. எதிரே ஒரு பொருள் இருந்தால், அதை முழுசாக ஒரு சுற்று வந்த பிறகுதான் அது இருக்கிறது என்பதையே ஒப்புக்கொள்வார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லி அலுவலகத்துக்கு யாராவது போன் செய்தால், கூட்டிப் பெருக்கும் ராக்கம்மா அக்கா, அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிடுவார். பம்பரம் சார் இருக்கிறாரா என்று கேட்டால் மட்டும் கூப்பிடுவார்.

எங்கள் அலுவலகம் அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. தூர்ந்து போன கண்மாய்களை அளந்து, திட்டம் போட்டு, மராமத்துக்கு ஏற்பாடு செய்வது எங்கள் வேலை. சார் அங்கே இஞ்சினியர். கம்ப்யூட்டரில் டிப்ளமா முடித்துவிட்டு வேலை கேட்டுப் போன என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அவர் என்னைச் சுற்றி நடந்துகொண்டே கேள்வி கேட்டார். முதல் கேள்வி முன்னால் இருந்து வந்தது, இரண்டாவது இடது காதுக்கு, மூன்றாவது முதுகுக்கு. பதில் சொல்ல நான் திரும்பியபோது, திரும்பாமல் நேராகப் பார்த்துச் சொல்லச் சொன்னார். பிறகு சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தார். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிக நேரம் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணும் இல்லையேம்மா?"

"பின்னாடி எதுவும் இருக்காது சார்."

"சரி. நாளைக்கே வந்துருங்க."

எதையும் வரிசையாகக் குறித்துவைப்பது என் வழக்கம். சார் சுற்றிப் பார்த்தவற்றை ஒரு தாளில் எழுத ஆரம்பித்து, தாள் போதாமல் விட்டுவிட்டேன். கத்தரிக்காய், புதுச் செருப்பு, மணக்கோலத்தில் நிற்கும் மாப்பிள்ளை, தபால்பெட்டி, வெந்த இட்லி, மதுரையிலிருந்து வந்த எங்கள் மேலதிகாரி. மேலதிகாரி முதல் தடவை தன்னை ஏதோ சோதனை போடுகிறார்கள் என்று பயந்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நரிக்குடி பஸ்ஸையும் அப்படித்தான். பஸ் வந்து நின்றதும் கூட்டம் ஏறும்; சார் சுற்றுவார். அவர் அந்தப் பக்கம் போயிருக்கும்போது பஸ் கிளம்பிவிடும். இப்படிப் பல பஸ்களைத் தவறவிட்ட பிறகு, அந்த வழித்தடத்தில் கண்டக்டர்களே பழகிக்கொண்டார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு, சார் சுற்றி முடித்து ஏறும்வரை காத்திருந்து, "பஸ்ஸு பாஸாயிருச்சா சார்? போகலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊதுவார்கள்.

சார் வீட்டம்மா ஒருநாள் அலுவலகத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, தன்னைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொன்னார். "நடுவீட்டுல பாயில ஒக்காந்திருந்தேன். அவுக பாட்டுக்கு எந்திரிச்சு என்னயச் சுத்தி வந்துட்டாக. எங்கப்பா, மாப்பிள்ளைக்கு ரொம்பச் சாமி பக்தின்னு நெனச்சு அன்னைக்கே தட்டு மாத்திட்டாக." சார் மோர்சாதத் தூக்குவாளியை மெதுவாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றுவதைத் தவிர அவருக்கு இன்னொரு குணம் உண்டு. எந்த இடமும் வீணாகக் கிடக்கக் கூடாது. தாளில் ஓரம் விட்டு எழுதினால் தரிசு போட்டுவிட்டீர்களே என்பார். அவர் எழுதிய அறிக்கைகளில் எழுத்துகள் தாளின் விளிம்பில் தொங்கிக்கொண்டு நிற்கும். துளை போட்டு ஃபைலில் கோத்தால் ஒவ்வொரு வரியிலும் முதல் சொல் காணாமல் போகும். கலியாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம், காலண்டர் தாளின் முதுகு, சிகரெட் அட்டை எல்லாவற்றிலும் கண்மாய்க் கணக்கு இருக்கும். சாப்பாட்டு இலையில் காலி இடம் தெரிந்தால்கூட அப்பளத்தை நகர்த்தி மூடிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்படிப்பட்ட மனிதரின் கையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தது எங்கள் மதுரை அலுவலகம்.

அதற்கென்று தடுப்பு வைத்து ஒரு நீளமான அறை தயாரானது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி தட்டினால் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று ராக்கம்மா அக்காவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் துடைப்பத்தைக்கூட வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவார். கம்ப்யூட்டர் வந்த அன்று சாரால் அதைச் சுற்ற முடியவில்லை, சுவரோரமாக வைத்துவிட்டார்கள். அன்று மாலையே மேசை அறையின் நடுவுக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் பரளச்சிக்கும் நரிக்குடிக்கும் நடுவே ஒரு கண்மாய் எங்களைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. வெள்ளரிப்பிஞ்சைப் படுக்கப்போட்ட மாதிரி கிழக்கு மேற்காக நீண்ட கண்மாய். அதன் நீளவாக்கில் தெற்கே ஒரு ஊர், தெக்கூர். கிழக்கு நுனியில் இன்னொரு ஊர், கீழூர். வடக்கேயும் மேற்கேயும் சீமைக்கருவேலங்காடு. கண்மாய் தூர்ந்துபோய், கார்த்திகையில் நிறைவது தை பிறக்குமுன் வற்றிவிடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் காயும். தூர் வார அனுமதி வந்துவிட்டது. எங்கே மண் எடுப்பது என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கும். ஆடி முடிவதற்குள் கையெழுத்து வராவிட்டால் வேலை வேறு ஒன்றியத்துக்குப் போய்விடும்.

தெக்கூருக்குப் பெரிய மனிதர் சேவுகன். கீழூர்த் தலைவி இருளாயி. இரண்டு பேரும் உடன்பிறந்த அண்ணன் தங்கச்சி. தெக்கூரில் பிறந்து கீழூரில் வாழ்க்கைப்பட்டவர் இருளாயி. அதனால் விஷயம் எளிதாக முடியும் என்று மேலதிகாரி நினைத்தார். அவருக்குத் தங்கச்சி இல்லை போலிருக்கிறது.

தாளில் வரைந்த கண்மாய்ப் படத்தைக் காட்டினால் அண்ணன் ஒரு பக்கமாகப் பிடித்துப் பார்ப்பார், தங்கச்சி தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். எங்கள் மடைக்கு முன்னால்தான் மண் மேடு என்று இரண்டு பேரும் சொல்வார்கள். சார் ஒருநாள் கரையில் நின்று யோசித்தார். இரண்டு பேரையும் கண்மாயைச் சுற்றி நடக்கவைத்தால் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே முள்காடு, ஒன்றும் தெரியாது. அப்படியானால் ஆட்களை நிறுத்திவிட்டுக் கண்மாயைச் சுற்ற வைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். வாழ்நாள் முழுவதும் அவர் காத்திருந்தது இந்த வேலைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

முள்ளுக்குள் சந்து வெட்டி, கண்மாயின் தரை மட்டத்தைக் கட்டம் கட்டமாக அளந்து வந்தார். அந்த அளவுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால், வலையை விரித்துப் போட்ட மாதிரி பச்சை நிறத்தில் கண்மாய் நின்றது. கரை, பள்ளம், மேடு எல்லாம் தெரிந்தன. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு படம் வரைந்து சேமித்து, பிறகு அடுத்தடுத்துக் காட்டினால் கண்மாய் சுழலும். காலையில் வரையச் சொல்லிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் முடிக்கும். நடுவில் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து.

புரோகிராமில் ஒரே ஒரு வரியைச் சார் தன் கையால் எழுதினார். ஒவ்வொரு படத்தையும், திரையின் விளிம்பைத் தொடும்வரை பெரிதாக்கச் சொல்லும் வரி அது. ஓரத்தில் கறுப்பாக இடம் கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை. "மொத்தத் திரையத்தான வாங்கிருக்கோம்? இம்புட்டு எடத்தையும் தரிசாப் போடவா?"

ஓடவிட்டுப் பார்த்தேன். நீளப் பக்கம் காட்டும்போது, அந்த நீளம் திரைக்குள் அடங்க வேண்டும் என்பதால் கண்மாய் ஒடுங்கிப் படுத்தது. திரும்பி நுனிப் பக்கம் காட்டும்போது, குறுகலாக இருந்ததால் விளிம்பைத் தொட ஊதிப் பெருத்தது. மறுபடி ஒடுங்கியது, மறுபடி ஊதியது. கண்மாய் மூச்சு விடுகிறது சார் என்றேன். சாருக்கு ஒரே சந்தோஷம். உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் என்றார்.

இரண்டு ஊர்க்காரர்களும் வந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. சேவுகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். இருளாயி திரையைக் கும்பிட்டார். சார் கையை உயர்த்தினார், நான் பொத்தானை அழுத்தினேன், கண்மாய் சுழன்றது.

முதல் சுற்றில் யாரும் மூச்சு விடவில்லை, கண்மாயைத் தவிர. இரண்டாவது சுற்றில் சேவுகன் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க சார். எங்க பக்கம் வந்தாச் சுருங்குது, கீழூருப் பக்கம் போனா ஊதுது. கம்மா அவுகளுக்குத்தான் பெருசுன்னு மெசினுல ஏத்திட்டீகளா?"

சந்தோஷப்பட வேண்டிய இருளாயியும் எழுந்தார். "நல்லாருக்கே நியாயம். எங்க பக்கம் மட்டும் பள்ளத்த ஊதிக் காட்டுறீக. இம்புட்டுப் பள்ளம் கெடக்கு, இங்கிட்டு வெட்ட வேணாம்னு சொல்லத்தான? எங்கண்ணன் எம்புட்டுக் குடுத்தாக ஒங்களுக்கு?"

"ஏத்தா, நான் எதுக்குக் குடுக்கேன்?"

"எனக்குப் பொங்கச் சீரே ஒழுங்காக் குடுக்காத ஆளு, இவுகளுக்கு மட்டும் எங்கிட்டு இருந்து குடுத்தியோ."

ஒரே படம் இரண்டு ஊரையும் நேர் எதிரான காரணங்களுக்காகக் கோபப்படுத்தியதை நான் அன்றுதான் பார்த்தேன். சார் நடுவில் புகுந்து, கண்மாய் ஒன்றுதான், திருப்பத்தில் அப்படித் தெரிகிறது என்று விளக்கிக்கொண்டே இரண்டு பேரையும் சுற்றி வந்தார். அதற்குள் படம் மேற்குப் பக்கம் திரும்பி மறுபடி பிரம்மாண்டமாக ஊதியது. சேவுகன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேக்க வெறும் முள்ளுக்காடு சார். அங்க எந்த நரிக்கு இம்புட்டுப் பெரிய கம்மாயக் காட்டுறீக?"

இரண்டு ஊரும் எழுந்து போயின. போகிற வேகத்தில் தெக்கூர்ச் செருப்புகள் சில கீழூருக்கும், கீழூர்ச் செருப்புகள் சில தெக்கூருக்கும் போய்விட்டன. அதற்கும் பழி எங்கள் மீதுதான் விழுந்தது.

மேலதிகாரி மதுரையிலிருந்து போன் செய்து, ஆடி முடியப்போகிறது என்று ஞாபகப்படுத்தினார். வேலையை வேறு ஒன்றியத்துக்கு எழுதிவிடட்டுமா என்றும் கேட்டார். சார் இன்னும் ஒரே ஒரு கூட்டம் என்று கெஞ்சினார். போனை வைத்த பிறகு அதைச் சுற்றவில்லை. அன்று முழுக்க எதையும் சுற்றவில்லை. ராக்கம்மா அக்கா வாங்கி வந்த வடையை, பார்க்காமலே தின்றார். எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. கூட்டத்துக்கு வர இருளாயி ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார்: அண்ணன் பக்கத்தில் உட்கார மாட்டேன், எதிரெதிராக நாற்காலி போட்டால் வருவேன்.

எதிரெதிராகப் போட வேண்டுமானால், அறையில் நீளவாக்கில் கிடந்த பெரிய மேசையைக் குறுக்காகத் திருப்ப வேண்டும் என்று சார் கணக்குப் போட்டார். சார் டேப் பிடித்து மேசையின் நீளத்தை அளந்தார், அறையின் அகலத்தை அளந்தார். மேசை அறைக்குள் கச்சிதமாகக் கொள்ளும். துளி இடம்கூட வீணில்லை. அதில் கொஞ்சம் தெம்பு வந்தது அவருக்கு. கம்ப்யூட்டரை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, நானும் ராக்கம்மா அக்காவும் இந்தப் பக்கம் நின்று தள்ள, சார் அந்தப் பக்கம் நின்று இழுத்தார். மேசை பாதி திரும்பியது. அப்புறம் திரும்பவில்லை. ஒரு மூலை இந்தச் சுவரில் இறுகியது, எதிர்மூலை அந்தச் சுவரில் இறுகியது. பின்னால் இழுத்தால் காரை பெயர்ந்ததே தவிர மேசை நகரவில்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவே முக்கோணமாக ஒரு இடம், அதற்குள் சார். மேசைக்கு அடியில் முழுக்க இழுப்பறைகள், குனிந்து வரவும் வழியில்லை.

ராக்கம்மா அக்கா எட்டிப் பார்த்தார். "சார், அப்பிடியே நில்லுங்க. வெளிய பெருக்கிட்டு வாரேன்."

முக்கோணத்துக்குள் அவரால் சுற்றவும் முடியாது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொருளை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டியதாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இந்த மேசை நீளமாக் கெடந்தாலும் கொள்ளுது, குறுக்க கெடந்தாலும் கொள்ளும். நடுவுல ஏன் கொள்ளல?"

"திரும்பும்போது மூலைக்கு மூலை நீளம் வந்து இடிக்குது சார்."

"அப்ப ரூமு எம்புட்டு அகலம் இருக்கணும்?"

"மூலைக்கு மூலை எம்புட்டோ அம்புட்டு சார். அது ஒண்ண மட்டும் அளந்து ரூமு கட்டிட்டா, அப்புறம் மேசைய எப்பிடித் திருப்புனாலும் இடிக்காது."

சொல்லி முடித்ததும் இரண்டு பேருமே தரையில் கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தோம்.

"கம்மாய்க்கும் அதான்," என்றார் சார்.

ஒவ்வொரு திருப்பத்துக்கும் புதிதாக அளந்து திரையில் திணித்ததுதான் தவறு. கண்மாயை ஒரு பெட்டிக்குள் வைத்ததாக நினைத்துக்கொண்டு, பெட்டியின் கீழ்மூலையிலிருந்து அதற்கு நேர் எதிரான மேல்மூலை வரை உள்ள தூரத்தை ஒரே ஒரு தடவை எடுக்க வேண்டும். திரையில் அந்தத் தூரம் அடங்குகிற மாதிரி ஒரு அளவை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அளவைத் தொடவே கூடாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்மாய் வெளியே போகாது, ஊதாது, சுருங்காது. மேசையை ஒரு தச்சர் வந்து கால்களைக் கழற்றி விடுவித்தார். வெளியே வந்த சார் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனார்.

ஆனால் அந்த வரியை அழிக்க அவருக்கு மனசு வரவில்லை. விரல் பொத்தானுக்குப் போகும், திரும்பிவிடும். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னை அழிக்கச் சொன்னார். புதுப் படம் ஓடியபோது கண்மாய் நிதானமாக, ஒரே அளவில் திரும்பியது. நுனிப் பக்கம் வரும்போது இரண்டு ஓரத்திலும் திரை கறுப்பாகக் கிடந்தது. சார் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த எடத்துல நரிக்குடி பஸ் டைமாச்சும் போடலாமாம்மா?"

வேண்டாம் சார் என்றேன். சரி என்றார். அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்த ஒரே தரிசு நிலம் அதுதான்.

கடைசிக் கூட்டத்துக்கு அண்ணனும் தங்கச்சியும் வந்தார்கள். செருப்புகள் கைமாறியதால் இருவருமே வெறுங்காலோடு வந்தார்களோ என்னவோ, வாசலில் இந்தத் தடவை எதுவும் இல்லை. மேசையை மறுபடி திருப்பும் தைரியம் எங்களுக்கு இல்லை. அதைப் பழையபடி நீளவாக்கிலேயே போட்டு, ஒரு தலைமாட்டில் அண்ணனையும் மறு தலைமாட்டில் தங்கச்சியையும் உட்காரவைத்து, திரையை நடுவில் சுவரோரமாக வைத்திருந்தோம்.

சார் ஒன்றும் விளக்கவில்லை. கரையின் உச்சிக்கு நேராகவும் பள்ளத்தின் அடிக்கு நேராகவும் திரையின் கண்ணாடியில் மஞ்சள் நூலைக் குறுக்கே ஒட்டினார். கண்மாய் சுழன்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மேல்நூலைத் தாண்டவில்லை, கீழ்நூலைத் தாண்டவில்லை. சேவுகன் இன்னொரு சுற்று கேட்டார். இருளாயி நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு அருகே வந்தார். அவருக்குப் பின்னால் சேவுகனும் வந்தார். சார் கையைப் பிசைந்துகொண்டு அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்திருந்தார்.

ஊதுவதும் சுருங்குவதும் நின்றதால், இப்போது வேறொன்று கண்ணில் பட்டது. கண்மாயின் நடுவயிற்றில் ஒரு மேடு. தெற்கே இருந்து பார்த்தாலும் நடுவில், கிழக்கே இருந்து பார்த்தாலும் நடுவில். தண்ணீரை இரண்டு மடைக்கும் போகவிடாமல் மேற்கே தேக்கி நிறுத்துகிற மேடு. இருளாயிதான் விரலை வைத்தார்.

"அண்ணே, எங்கிட்டுத் திருப்புனாலும் இது மட்டும் நடுவுலயே நிக்கி பாத்தியா? ஒனக்கும் இல்லாம எனக்கும் இல்லாம."

சேவுகன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருசமா நம்ம தண்ணிய அந்த நரி குடிச்சிருக்குத்தா."

"மொதல்ல அத வெட்டச் சொல்லு. சீரு விசயத்தப் பெறகு பேசிக்கிறேன்."

கையெழுத்து ஆனது. சார் வெளியே வராந்தாவுக்குப் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ராக்கம்மா அக்காவின் துடைப்பத்தை ஒரு முறை சுற்றி வந்தார்.

மேட்டை வெட்டி முடித்தார்கள், அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. தையிலும் தண்ணீர் கிடந்தது. நான் போனபோது சார் கரையில் நடந்துகொண்டிருந்தார். முள் வெட்டிப் பாதை விட்டிருந்ததால், கண்மாயை முழுசாக ஒரு சுற்று வர முடிந்தது. தெக்கூரில் ஒரு சொம்பு மோர், கீழூரில் ஒரு சொம்பு மோர். ஒரு சுற்று முடித்து வந்து, சரியாகத்தான் இருக்கிறது என்றார். தன் படத்தைச் சொன்னாரா, கண்மாயைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. இங்கே எந்திரங்களின் படங்களைத் திரையில் சுழலவிடுவதுதான் எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு தடவையும் மூலைக்கு மூலை ஒரு முறை அளந்துகொண்டு, ஓரத்தில் தாராளமாகக் கறுப்பு விடுகிறேன். புதிதாக வந்தவர்கள் எதற்கு இவ்வளவு இடம் வீணாகிறது என்று கேட்பார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு மேசையிடம் கேட்க வேண்டும் என்பேன்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று சார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். என் பஸ்ஸை வழக்கம்போல் ஒரு சுற்று வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்று, "நாலு பக்கமும் நல்லாருக்கும்மா. தைரியமாப் போயிட்டு வாங்க" என்றார். பஸ் நகர்ந்தது. டீக்கடை, கடிகாரக் கம்பம், நரிக்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம் எல்லாம் தூரம் ஆக ஆகச் சிறுத்துக்கொண்டே போயின. அவரை மட்டும் எந்தப் பக்கமிருந்து எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும், இன்றைக்கும் எனக்கு அதே அளவில்தான் தெரிகிறார்.